மூன்றே முக்கால் லட்சப் படிப்பு

செப்டம்பர் 3, புதன்

ரஃபீக் அண்ணன் கடையில் போன வருட டைரிகள் நான்கு மிச்சம் கிடந்தன. எடைக்குப் போடப் போவதாகச் சொன்னார். ஒன்றை எடுத்து வந்துவிட்டேன். கிழமையெல்லாம் ஒருநாள் தள்ளி அச்சாகியிருக்கிறது. அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

பெயர் இந்துஜா. வயது இருபத்தைந்து. பி.இ. பயோமெடிக்கல் இன்ஜினியரிங், முதல் வகுப்பு. ஆஸ்பத்திரி மெஷின்கள் எப்படி ஓடுகின்றன, நின்றுபோனால் எப்படி ஓட வைப்பது என்று நான்கு வருடம் படித்தேன். இப்போது திருப்பூரில் ரஃபீக் அண்ணனின் மொபைல் கடையில் போன் திரைகளுக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுகிறேன். ஒரு குமிழி கூட வராமல் ஒட்டுவதில் இந்தச் சாலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. சம்பளம் பதினோராயிரத்து ஐநூறு.

இன்று வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கனமான உறை. அம்மா அதைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து, "என்ன இந்து, மஞ்சக்கூடத் தடவாம அனுப்பிருக்காங்க?" என்றாள். வங்கியின் பத்திரிகை அது. மாப்பிள்ளை நான். கல்விக் கடன் அசல் மூன்று லட்சத்து எழுபத்தைந்தாயிரம். வட்டியோடு ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

படிப்பு முடிந்ததும் எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. அதோடு நானும் நிறுத்திவிட்டேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் அப்போது இன்டர்வியூ போனேன். கிடைக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

பதில் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா' என்று போட்டேன். அப்புறம் துணி துவைக்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. அரசு ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டைக்கு இலவசம். ஆனால் பஸ்ஸுக்கும், வெளியே எழுதிக் கொடுக்கும் மாத்திரைக்கும் அந்த அட்டை செல்லாது. காலை ஆறு மணி ஷிஃப்ட். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால் செவ்வாய்களில் நானும் கூடப் போவேன்.

அப்பா பெயர் சென்னியப்பன். இருபத்தெட்டு வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். டயாலிசிஸ் கட்டிலில் படுத்ததும் தலையணையை முதுகுக்குச் சாய்த்து, லாரிக் கண்ணாடியைச் சரிசெய்வது போல இரண்டு பக்கமும் ஒருமுறை பார்ப்பார். "கெளம்பலாங்களா?" என்று நர்ஸைக் கேட்பார்.

நர்ஸ் ஜெபசீலி தூத்துக்குடிக்காரர். "நாலு மணி நேரம் ஓடணும். நடுவுல டீக்குடிக்க எறங்கப்பிடாது, பாத்துக்கிடுங்க" என்பார்.

இந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் நடக்கிறது. இரண்டு பேருக்கும் சலிக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

வங்கிக்குப் போனேன். மேனேஜர் ஒரு பெண். திட்டுவார் என்று எதிர்பார்த்து நல்ல சுடிதாரெல்லாம் போட்டுப் போனேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டிசம்பர் பதிமூணு மக்கள் நீதிமன்றம் இருக்குதும்மா. உங்க கணக்கை அங்க அனுப்பறேன். பேசி முடிச்சுக்கலாம். ஆனா கையில ஏதாவது வருமானத்தோட வாங்க. வெறுங்கையோட வந்தா என்னால மேலிடத்துல பேச முடியாது" என்றார்.

இலவச சட்ட உதவி மையத்தில் சுலோச்சனா என்ற வக்கீல் என் கதையைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். மனு எழுதிவைப்பதாகச் சொன்னார். கதையை முழுதாகச் சொல்லி முடிக்க ஏழு நிமிடம்தான் ஆனது. இன்னும் நீளமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

நடப்பது உடம்புக்கு ரொம்ப நல்லது. வீட்டிலிருந்து கடைக்கு மூன்றரை கிலோமீட்டர். காலையில் பனியன் கம்பெனிக்குப் போகிற கூட்டத்தோடு நடந்தால் தூரமே தெரிவதில்லை. ஸ்கூட்டி மெக்கானிக்கிடம் இருக்கிறது, என்ஜினில் ஏதோ கோளாறு, நாளாகும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மாதத்து மாத்திரை பீரோவில் இருக்கிறது. அதுவும் நல்லதுதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை. டயாலிசிஸ் அறையில் ஐந்து மெஷின்கள். ஒன்றில் இரண்டு வாரமாக 'பழுது' என்று அட்டை தொங்குகிறது. சரிசெய்யும் இன்ஜினியர் கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும். மீதி நாலில் எல்லாரையும் ஓட்டுவதால் ஆளுக்கு அரைமணி நேரம் குறைகிறது.

இன்று அப்பாவின் மெஷினும் கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு. ஜெபசீலி அக்கா நிறுத்துகிறார், அது திரும்பக் கத்துகிறது. திரையைப் பார்த்தேன். கரைசலில் உப்பின் அளவு குறைகிறது என்று காட்டியது. மெஷின் தண்ணீரோடு கலக்கும் திரவம் கீழே கேனில் இருக்கும். குனிந்து பார்த்தேன். உறிஞ்சுகிற குழாய் அடி வரைக்கும் போகாமல் பாதியில் மிதந்துகொண்டிருந்தது.

"அக்கா, குழாய் அடியத் தொடல. காத்தை உறிஞ்சுது" என்றேன்.

அவர் அழுத்திவிட்டார். ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு வந்தது.

"ஏ புள்ள, நீ என்ன படிச்சிருக்க?"

அப்பா கட்டிலில் படுத்தபடியே முந்திக்கொண்டு சொன்னார்: "இந்த மெஷினத்தானுங்க படிச்சிருக்குது!" அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

அக்டோபர் 8, புதன்

தீபாவளி வரை கடை காலை எட்டு மணிக்கே திறக்கும். இனிச் செவ்வாயும் அப்பா தனியாகத்தான் போக வேண்டும். "நானென்ன பாப்பாவா? பெல்காம் வரைக்கும் தனியா வண்டி ஓட்டிட்டுப் போனவன்" என்கிறார்.

அக்டோபர் 11, சனி

அப்பா சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கூட்டமாம். சட்டையில் டீசல் வாடை. பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தானே வருகிறார், இருக்கும்.

கடையில் இன்று அறுபத்திரண்டு கிளாஸ் ஒட்டினேன். சாதனை. ரஃபீக் அண்ணன் பிரியாணி வாங்கித் தந்தார். நான் இப்போதெல்லாம் மதியம் சாப்பிடுவதில்லை, டயட் என்று சொல்லியிருந்தேன். "டயட்டை நாளைக்கு வச்சுக்க" என்று என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். பொட்டலத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அம்மாவுக்குக் கம்பெனியில் போனஸ் வந்தது. டெய்லர் பிரிவில் பதினான்கு வருடம் தைக்கிறாள். எங்கள் மூன்று பேருக்கும் மூன்று துணி. அப்பாவுக்கு எடுத்த வேட்டிதான் விலை அதிகம். அப்பா எண்ணூறு ரூபாயை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பழைய லாரி நண்பர் எப்போதோ வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தாராம். தீபாவளிக்கு முந்தினநாள் கடனைத் திருப்பித் தருகிற மனிதர்களும் ஊரில் இருக்கிறார்கள் என்பது ஆச்சரியம்தான்.

அப்பாவின் கால் வீங்கியிருக்கிறது. அமுக்கினால் விரல் பதிந்த இடம் குழியாகவே நிற்கிறது. நேற்று இரண்டு முறுக்கு தின்றார், உப்பு சேர்ந்திருக்கும்.

அம்மா என் காதைப் பார்த்து, "கம்மல் எங்க?" என்றாள். காது புண்ணாகியிருக்கிறது, ஆறியதும் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "எந்தக் காது?" என்றாள். "ரெண்டும்" என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

அப்பாவை ஐ.சி.யு.வில் சேர்த்திருக்கிறோம்.

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்கு அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறினார். படுக்க முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. 108-க்கு அடித்தேன். வண்டியில் ஏற்றும்போதும் டிரைவரிடம், "தம்பி, பாலத்துக்கடியில போகாதீங்க, டிராஃபிக் இருக்கும்" என்று திக்கித் திக்கி வழி சொன்னார்.

நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். உடனே டயாலிசிஸ் ஏற்றினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை ஏன் கூட்டிட்டு வரல?" என்றார்.

"வந்தாருங்களே சார்."

ஜெபசீலி அக்கா பதிவேட்டை எடுத்து வந்து காட்டினார். அக்டோபர் 11, 18, 25. மூன்று சனிக்கிழமையும் அப்பா பெயருக்கு நேரே வரவில்லை என்று எழுதியிருந்தது. "மூணு தடவையும் ஃபோன் போட்டேன் புள்ள. அய்யாதான் எடுத்தாவ. கல்யாணம், காதுகுத்துன்னு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொன்னாவ. உன் நம்பர் எங்ககிட்ட இல்லையே" என்றார். அவர் கண்கலங்கியிருந்தார். நான் பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீசல் வாடை எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒழுங்காக டயாலிசிஸ் ஏறியதும் சோறு இறங்க ஆரம்பித்திருக்கிறது, இட்லி கேட்டார்.

நவம்பர் 1, சனி

இன்று வார்டில் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய சண்டை. பக்கத்துக் கட்டில்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

நான்தான் ஆரம்பித்தேன். "சனிக்கெழம எங்க போனீங்கப்பா?"

"தெரிஞ்ச பையன் ஒருத்தன் குட்டியானை வெச்சிருக்கறான்" என்றார். குட்டியானை என்றால் சின்னச் சரக்கு வண்டி. "அவனுக்குச் சனிக்கெழம ஆக்டிங் டிரைவர் வேணும்னான். துணி பேல் ஏத்திட்டு ஈரோடு போயிட்டு வந்தா எண்ணூறு. ஒக்காந்துட்டே பாக்கற வேலதானே."

"உசுரோட வெளையாடறீங்களா? வழியில மயக்கம் வந்திருந்தா ரோட்டுல போறவங்க கதி என்னங்க?"

அப்பா என் செருப்பைப் பார்த்தார். "நீ ஸ்கூட்டிய வித்துப்போட்டு நடந்து போயிட்டிருக்கற. நான் படுத்துட்டுப் பாத்துட்டு இருக்கோணுமா?" என்றார்.

"வித்துட்டேன்னு யார் சொன்னது?"

"மெக்கானிக்கு எனக்கும்தான் தெரிஞ்சவன்."

அதுவரை சும்மா இருந்த அம்மா சாப்பாட்டுத் தூக்கை ணங்கென்று கீழே வைத்தாள். வசந்தாமணி என்ற பெயருக்கும் அம்மாவின் கோபத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஏனுங்க, உங்களுக்குக் காதுகுத்து விசேஷம்னு சொல்லத் தெரியுது. இவளுக்குக் காது புண்ணுன்னு சொல்லத் தெரியுது. தோடு எந்தக் கடையில வித்தீன்னு எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிடறதில்லைன்னும் தெரியும். ரஃபீக் வந்து எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனாரு. பெங்களூர்க் கம்பெனி வேல குடுத்து அனுப்புன காயிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில மடிச்சு வெச்சியே, அரிசி அளக்கறது யாரு, நீயா?"

இரண்டரை வருடமாக அம்மா அந்தத் தகர டப்பாவைத் தினமும் திறந்து மூடியிருக்கிறாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "வேல கெடச்சுதா?"

"கெடச்சுதுங்கப்பா. அப்பத்தான் உங்களுக்கு முதல் டயாலிசிஸ்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டயாலிசிஸ் ஊசி குத்தி வீங்கிய கை மட்டும் கட்டில் விளிம்பில் தடவித் தடவி என் கையைத் தேடியது. கொடுத்தேன்.

அம்மா தீர்ப்புச் சொன்னாள். இனி இந்த வீட்டில் யார் பொய் சொன்னாலும் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். பக்கத்துக் கட்டில் பெரியவர், "எங்கூட்டுக்கும் இந்தச் சட்டம் வேணுமுங்க" என்றார்.

நவம்பர் 5, புதன்

நேற்று அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் பாத்திரம் கழுவுகிறோம். அப்பா துடைக்க மட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

கோயமுத்தூர் இன்ஜினியர் ஒருவழியாக வந்தார். பெயர் அருள்பிரகாசம். ஐம்பது வயது, தோளில் கருவிப்பை, முகத்தில் தூக்கம். நான்கு மாவட்டத்துக்கும் அவர் ஒருவர்தானாம்.

ஜெபசீலி அக்கா என் முதுகில் கைவைத்துத் தள்ளாத குறையாக அவர் முன்னால் நிறுத்தினார். "சார், இந்தப் புள்ள ஒங்க படிப்புத்தான். கொஞ்சம் என்னன்னு கேளுங்க."

அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழுதான மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றினார். திரும்பிப் பார்க்காமலே, "ரத்தக் குழாய்ல காத்துக் குமிழி வந்தா எது கண்டுபிடிக்கும்?" என்றார். சொன்னேன். "தண்ணி சூடாகலைன்னா மொதல்ல எதைப் பாப்பே?" சொன்னேன். மூன்றாவது கேள்விக்குத் தெரியாது என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆளத்தான் நான் தேடிட்டு இருக்கேன். இந்த டார்ச்சைப் பிடி."

ஒன்றரை மணி நேரம் பிடித்தேன். உள்ளே வால்வு ஒன்று உப்பு படிந்து இறுகிப்போயிருந்தது. பிரித்து என் கையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னார். பாடப்புத்தகத்தில் அது படம். கையில் எடுத்தால் நெல்லிக்காய் அளவுதான் இருக்கிறது.

மெஷின் ஓடியதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "சார், உங்க கம்பெனியில வேலை இருக்குங்களா?"

"இருக்கு. ஊர் ஊரா அலையணும். பொண்ணுங்க ரெண்டு பேர் சேந்தாங்க, மூணு மாசத்துல போயிட்டாங்க. பசங்க அஞ்சு பேர் சேந்தாங்க, ரெண்டே மாசத்துல போயிட்டாங்க."

"நான் போக மாட்டேங்க."

"டூ வீலர் இருக்கா?"

"இருக்குதுங்க சார்."

கட்டிலிலிருந்து அப்பா இருமினார். அது இருமல் இல்லை. இன்றிலிருந்து இன்னும் ஒரு வாரம் பாத்திரம் என் தலையில்.

நவம்பர் 12, புதன்

ரஃபீக் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுப் போவதைப் பற்றிச் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. அவர் ஒரு போனைக் கழற்றிக்கொண்டே கேட்டார். பிறகு பின்பக்கம் போய், கடைக்குச் சாமான் எடுக்கும் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். சீட் கிழிந்திருக்கிறது, ஹாரன் அடிக்காது.

"இதுக்கு என்ன வெல போடலாம்ண்ணா?"

"பதினஞ்சாயிரம் போடு. வேலைக்குச் சேந்து மாசம் ஆயிரம் குடு. சேராட்டி வண்டியத் திருப்பிக் குடு."

"நான் போயிட்டா கிளாஸ் யார் ஒட்டுவாங்க?"

"குமிழியோட ஒட்டிக்கறேன், போ."

நவம்பர் 17, திங்கள்

கோயமுத்தூர் போய் இன்டர்வியூ முடித்தேன். இரண்டரை வருடம் சும்மா இருந்தது ஏன் என்று கேட்டார்கள். சும்மா இருக்கவில்லை, வாரம் மூன்று நாள் உங்கள் மெஷினோடுதான் எங்கள் வீடு இருக்கிறது என்றேன். அப்புறம் மானிட்டர் பற்றிக் கேட்டார்கள்.

நவம்பர் 26, புதன்

கடிதம் வந்துவிட்டது. சர்வீஸ் இன்ஜினியர். இருபத்திரண்டாயிரம், பெட்ரோல் தனி. டிசம்பர் 15 சேர வேண்டும். அம்மா அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைக்க விடவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று கரப்பான்பூச்சியை அடித்துவிட்டு அந்த இடத்தைத் துடைத்தாள்.

டிசம்பர் 13, சனி

மக்கள் நீதிமன்றம். இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

சனிக்கிழமை என்பதால் அப்பாவுக்கு ஆறு மணிக்கு டயாலிசிஸ். "நீங்க வரவேண்டாம், அலுப்பா இருக்கும்" என்றேன். "கடன்ல எங்கையெழுத்தும் இருக்குது" என்றார். பத்தரை மணிக்கு முடித்து, கையில் பிளாஸ்திரியோடு அம்மா அவரை ஆட்டோவில் நேராக நீதிமன்றத்துக்கே கூட்டி வந்துவிட்டாள்.

வளாகம் முழுக்கச் சந்தைக் கூட்டம். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மைக்கில் பெயர் கூப்பிடுகிறார்கள். எங்கள் முறை பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி அம்மா, இந்தப் பக்கம் வங்கி மேனேஜர், நடுவில் சுலோச்சனா வக்கீல்.

மேனேஜர், "ஒரே தவணையா மூணு லட்சத்து இருபதாயிரம் கட்டினா கணக்கை முடிச்சுடலாங்க மேடம்" என்றார்.

ஒரே தவணையில் எங்களால் கட்ட முடிவது ஆட்டோ வாடகை மட்டும்தான். நான் எழுந்தேன். ராத்திரி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை மறந்துவிட்டேன். கடைசியில் வந்தது இதுதான்: "கொறைக்க வேண்டாங்க. அசல் மூணே முக்கால் லட்சமும் கட்டிடறேங்க. வட்டிய மட்டும் விட்டுடுங்க. மாசம் பத்தாயிரமா வாங்கிக்குங்க. இது வேலைக் கடிதங்க."

மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்ப் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்று மேலிடத்துக்குப் போன் செய்தார். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரு தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அளந்துதான் குடிக்க வேண்டும். யாரும் குடிக்கவில்லை.

மேனேஜர் திரும்பி வந்தார். "முப்பத்தெட்டு தவணை. தொடர்ந்து ரெண்டு மாசம் விட்டா ஒப்பந்தம் ரத்து. சம்மதமா?"

"சம்மதங்க."

நீதிபதி மனுவை எடுத்துப் பதிவுக்காகச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். சுலோச்சனா வக்கீல் வாசித்தார். செப்டம்பரில் நான் சொன்ன ஏழு நிமிடக் கதைதான், சட்டத் தமிழில். நடுவில் ஒரு வரி: "மனுதாரர் பயின்ற மேற்படி கல்வியினால் அவருக்கோ அவர்தம் குடும்பத்தாருக்கோ யாதொரு பயனும் விளையவில்லை."

அப்பா எழுந்து நின்றார். தள்ளாடினார், அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜட்ஜம்மா, ஒரு நிமிசமுங்க. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துப்போடுங்க."

வக்கீல் மெதுவாக, "ஐயா, கஷ்டத்தைக் காட்டறதுக்காக எழுதறதுங்க. எல்லா மனுவுலயும் வரும்" என்றார்.

"கஷ்டமுன்னு எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்குங்க. ரெண்டு கிட்னியும் போச்சுன்னு எழுதுங்க. பஸ்ஸுக்குக் காசில்லைன்னு எழுதுங்க. எம்புள்ள படிச்சது வீணுன்னு மட்டும் கவர்மெண்ட்டுக் காயிதத்துல இருக்க வேண்டாமுங்க. பொய்யி அது."

நீதிபதி பேனாவை எடுத்தார். மனுவைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். ஓரத்தில் கையெழுத்திட்டார். "வேற ஏதாவது மாத்தணுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. மத்ததெல்லாம் நெசந்தானுங்க."

அப்பா கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். மேனேஜர் போட்டார். வெளியே வந்து கரும்பு ஜூஸ் கடை முன்னால் நின்றோம். அம்மா மட்டும் குடித்தாள். நான் அங்கேயே, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அழுதேன். இதுவரை அழவில்லை என்று எழுதினால் பாத்திரம் கழுவ வேண்டிவரும். ஐ.சி.யு. வாசலில் மூன்று நாளும் அழுதேன். ஸ்கூட்டி விற்ற அன்றும் அழுதேன். பெங்களூர்க் கடிதத்தை மடித்த அன்று அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

வேலையில் நான்காம் நாள். முதல்முறையாகத் தனியாக அனுப்பினார்கள். அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. இரண்டே மெஷின், ஒன்று நின்றுபோயிருந்தது. வாசலில் பெஞ்சில் ஒருவர் காலை ஆறு மணியிலிருந்து காத்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். நான் போனதும், "எப்ப ஆவுமுங்க?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு பம்ப் சுற்றவில்லை. முதலில் தப்பான இடத்தில் பிரித்தேன். அருள்பிரகாசம் சாருக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டாவது முறை, "அவசரப்படாத. அது எங்கயும் ஓடிடாது" என்றார். இரண்டேகால் மணி நேரம் ஆனது. சோதனை முடிந்து பச்சை விளக்கு வந்தது. நர்ஸ் நேராக வெளியே போய்ப் பெஞ்சிலிருந்தவரைக் கூப்பிட்டார். அவர் சுவரைப் பிடித்து நடந்து வந்து படுத்தார். ஊசி ஏறியது. சிவப்பாக ரத்தம் குழாயில் கிளம்பிப் போய்த் திரும்பி வந்தது.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் தன் ஷிஃப்ட் முடித்துப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ஓடுதா?" என்றார்.

"ஓடுதுங்கப்பா."

"ஆளு ஏறிட்டாரா?"

"ஏறிட்டாருங்க. காலையில ஆறு மணியிலிருந்து காத்துட்டிருந்தாராம். பாவமா இருந்துச்சு."

பஸ் வந்து நிற்கிற இரைச்சல் கேட்டது. அதைத் தாண்டி அப்பா சொன்னார்:

"அப்பச் சரி கண்ணு. இன்னைக்கி அவருக்குச் சோறு எறங்கும்."